மருந்து அடிச்ச அன்னைக்கு

மனை பார்க்க வந்தீங்களா சார்? புரோக்கர் வர்ற வரைக்கும் எதுக்கு வெயில்ல நிக்கணும், உள்ள வாங்க. கேட்டைப் பார்த்துத் தள்ளுங்க, கீல் துருப்பிடிச்சிருக்கு, கையோட வந்துடும். அந்த சேர்ல உக்காராதீங்க, ஒரு கால் நொண்டி. இதுல உக்காருங்க.

தண்ணி நல்லாதான் இருக்கும். அதுல குறையே சொல்ல முடியாது. ஏரி இந்தா, ரெண்டு தெரு தள்ளி. ஆனா நான் சொல்ல வந்தது தண்ணியைப் பத்தி இல்லை. பூச்சியைப் பத்தி. நீங்க கேக்கலை, இருந்தாலும் சொல்லிடறேன். புரோக்கர் சொல்ல மாட்டான். அவன் ஏரிக்காத்து, ஏரிக்காத்துன்னே சொல்லிக்கிட்டிருப்பான். காத்து வரும், இல்லைங்கலை. அந்தக் காத்துல வர்ற ஈரத்தை யாரு சொல்றது?

மழைக்காலத்துல இங்க உப்பு ஜாடியில உப்பு இருக்காது சார், தண்ணிதான் இருக்கும். அப்பளம் பொரிச்சு தட்டுல வெச்சா, சோறு பிசையறதுக்குள்ள நமுத்துப் போயிடும். கதவெல்லாம் ஊதிக்கிட்டு மூடாது. நல்ல சட்டை ஒண்ணு எடுத்து வெச்சிருந்தேன், விசேஷத்துக்குன்னு. எடுத்துப் பார்த்தா காலர் பூரா பூசணம். அப்புறம் அந்த விசேஷத்துக்கே போகலைன்னு வெச்சிக்கங்க.

நாங்க வந்தப்ப இங்க நாலு வீடு இருந்தா அதிகம். இப்ப பாருங்க, ஸ்கூல் பஸ் திரும்ப இடமில்லை. ஏரியைச் சுத்தி ஒரு காலத்துல வயல். வயல்ல இருந்த பூச்சி, எறும்பு, தவளை, பூரான் எல்லாம் எங்க போகும் சொல்லுங்க. நம்ம வீட்டுக்குத்தான் வரும். அதுங்களைக் கேட்டா நாமதான் அதுங்க வீட்டுக்கு வந்தோம்னு சொல்லும். அது வேற விஷயம்.

நான் யாருன்னு சொல்லலையே. அரசாங்க நெல் கிடங்குல இருந்து ரிடையர் ஆனவன். வேலையில இருந்த காலம் பூரா மூட்டைக்கு மருந்து போட்டவன் சார் நான். மூட்டையை அட்டியலா அடுக்கி, மேல பெரிய ஷீட்டை மூடி, ஓரத்துல காத்து போகாம மணல் பை வெச்சு, உள்ள மாத்திரையை வெச்சுட்டு வந்துட்டோம்னா, ஒரு வாரம் கழிச்சுத் திறந்தா ஒரு வண்டு உசுரோட இருக்காது. அந்துப்பூச்சி பறந்துச்சுன்னு என் கிடங்கைப் பத்தி ஒருத்தர் ஒரு வார்த்தை பேசினதில்லை. ஷீட்டை ஒழுங்கா மூடணும், அவ்வளவுதான். எங்க விட்டாலும் ஓட்டை விடக்கூடாது. ஆளுங்க ஓட்டை விட்டுடுவாங்க. நான் விட மாட்டேன்.

அப்படிப்பட்டவன் வீட்டுல எறும்பு சார். சொன்னா சிரிப்பாங்க.

வீட்டுல நானும் என் சம்சாரமும்தான். பூங்காவனம்னு பேரு. இப்ப ஊருல இல்லை. ஒரு பொண்ணு இருக்கு, ஓசூர்ல. தானாப் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கிச்சு. வேற ஆளுங்க. நல்ல பையன்னு சொல்றாங்க, நான் பார்த்ததில்லை. அன்னைக்குக் கோவத்துல, இனிமே இந்தப் படி ஏறாதேன்னு ஒரு வார்த்தை சொன்னேன். பெத்தவன் சொல்ற வார்த்தைதானே. அது அப்படியே பிடிச்சிக்கிச்சு, வரவே இல்லை. ரோஷக்காரி. யாரு மாதிரின்னு தெரியலை. சரி, அதை விடுங்க, எறும்புக்கு வர்றேன்.

போன ஐப்பசியில மழை ஆரம்பிச்சுது. ஏரி நிறைஞ்சு உபரித் தண்ணி கலங்கல் வழியா வெளிய போக ஆரம்பிச்சதும் தெருவெல்லாம் முழங்கால் தண்ணி. அப்பவே நான் ஒரு கம்பெனியில ஆறு மாச ஒப்பந்தம் போட்டேன். அன்வர்னு ஒரு ஆள் வருவாரு. முதுகுல டேங்க்கு, முகத்துல மாஸ்க்கு. கரப்பானுக்கு அலமாரி மூலையில பேஸ்ட் வெப்பாரு. கரையானுக்கு சுவர் ஓரம் ஓட்டை போட்டு மருந்து இறக்குவாரு. பேச்சு கொஞ்சம் ஜாஸ்தி. மச்சான் துபாய்ல இருக்கறதைப் பத்தியே பேசுவாரு. ஆனா வேலையில குறை சொல்ல முடியாது. கரப்பான் போச்சு. கரையான் போச்சு. பூரான் கூடப் போச்சு. எறும்பு மட்டும் போகலை சார்.

சமையல்கட்டுல, கேஸ் சிலிண்டர் பக்கத்துல இருந்து ஒரு சாரை வரும். கருப்பா, பொடியா, கடிக்காதே, அந்த சாமி எறும்பு. அது கடிச்சாக்கூடப் பரவாயில்லை, நாம ஒண்ணு சொல்லலாம். கடிக்காது. அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும். அன்வருக்குப் போன் போட்டேன். வந்தாரு, அடிச்சாரு. ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் சாரை. மறுபடியும் போன். மறுபடியும் வந்தாரு. எனக்குக் களைச்சுப் போச்சு சார். ராத்திரி படுத்தா கண்ணுக்குள்ள சாரை ஓடும். ஏன்யா, நெல்லு வண்டையே ஒழிச்சவன், இந்த எறும்பு என்னை என்ன பாடு படுத்துதுன்னு எனக்கே அலுப்பா இருந்துச்சு. பூங்காவனத்துக்கிட்ட சொன்னா, “மழைக்கு அதுவும் எங்க போகும், விடுங்க”ன்னுட்டுப் போயிடுவா.

ஒருநாள் சிலிண்டர் காலியாச்சு. அவளுக்கு முட்டி வலி, சிலிண்டர் மாத்தறது எப்பவும் நான்தான். நகர்த்தினா, பின்னாடி தரையில பச்சரிசி மாவு. சிந்தினது இல்லை சார். அழகா, வட்டமா, வெல்லம் தூவி, யாரோ விருந்தாளிக்கு எலை போட்ட மாதிரி வெச்சிருக்கா. எறும்பு அதைச் சுத்தி மொய்ச்சிக்கிட்டிருக்கு.

எனக்கு எப்படி இருந்திருக்கும் நீங்களே சொல்லுங்க. ஒரு பக்கம் நான் மருந்து அடிக்கிறேன், இன்னொரு பக்கம் இவ சோறு போடறா. ஒரே வீட்டுல.

கேட்டேன். கோவிலுக்கு எதிர்த்தாப்புல பூ கட்டற அம்மா சொன்னாங்களாம். ஏரிக்கரைப் பிள்ளையாரைச் சுத்தி வந்து ஒரு மண்டலம் எறும்புக்கு மாவு போட்டா நெனச்சது நடக்கும்னு. கொஞ்ச நாள் அங்க போய்த்தான் போட்டிருக்கா. அப்புறம் தெருவுல தண்ணி, முட்டி வலி. நடுவுல நிறுத்தக் கூடாதாம், அதனால வீட்டுலயே போட ஆரம்பிச்சிருக்கா. அன்வர்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கா, அந்த மூலையை மட்டும் விட்டுடுங்கன்னு. அந்த ஆளும் விட்டுட்டாரு. நான் போன் போட்டுப் பிடிச்சேன். “அம்மா ரொம்பக் கேட்டுக்கிட்டாங்க ஐயா”ங்கறாரு. ஒப்பந்தம் யார் பேர்ல இருக்கு? அம்மா பேர்லயா? ஓட்டை விட்டுட்டு மருந்து அடிச்சா அது என்ன வேலை?

அவ என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. “இந்த மண்டலம் முடியற வரைக்கும் விட்டுடுங்க. அப்புறம் எதை வேணா அடிச்சிக்கங்க.”

எதுக்கு இந்த வேண்டுதல்னு நான் கேக்கலை. ஏன்னா எனக்குத் தெரியும்னு நெனச்சேன். அப்ப எனக்கு ஏழரைச் சனி நடந்துக்கிட்டிருந்தது. சர்க்கரையும் ஏறியிருந்துச்சு. எனக்காகத்தான் பண்றான்னு நெனச்சேன் சார். உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா எனக்கு என்ன வந்துச்சு, நான் நல்லாத்தானே இருக்கேன். எனக்கு ஒண்ணும் வேணாம், மாவை எடுன்னேன். அவ சிலிண்டரை இருந்த இடத்துலயே தள்ளி வெச்சுட்டா.

கார்த்திகை கடைசியில, காஞ்சிபுரத்துல அக்கா வீட்டுக்குப் போயிட்டு மறுநாள் வர்றேன்னு கிளம்பினா. நல்ல புடவை கட்டிக்கிட்டா. பலகாரம் செஞ்சு டப்பாவுல எடுத்துக்கிட்டா. அக்கா வீட்டுக்குப் போறதுக்கு எதுக்கு இவ்வளவு பலகாரம்னு ஒரு கேள்வி வந்துச்சு. கேக்கலை. எனக்கு வேற யோசனை. இவ இல்லாதப்பவே வேலையை முடிச்சுடணும். மறுநாள் காலையிலயே அன்வரை வரச் சொல்லிட்டேன். வீடு பூரா அடிக்கணும், ஒரு மூலை விடக்கூடாது, நான் கூடவே நிப்பேன்னேன்.

அந்த ஆளுக்கு மனசே இல்லை. அம்மா வந்ததும் பண்ணலாமேன்னு ரெண்டு தடவை சொன்னாரு. நான் கேக்கலை. சாமான் எல்லாம் நானே எடுத்து ஹால் நடுவுல போட்டு ஷீட்டு மூடினேன். ஜன்னலை மூடினேன். சிலிண்டரை நானே நகர்த்திக் குடுத்தேன். ஷீட்டு மூடறப்ப எனக்குப் பழைய கிடங்கு ஞாபகம் வந்துச்சு சார். ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு வேலையை முழுசாப் பண்ணின மாதிரி. சாரை ஓடிக்கிட்டிருந்த இடத்துல மருந்து விழுந்ததும் அப்படியே நின்னுடுச்சு. ஒவ்வொண்ணா சுருண்டுக்கிச்சு. அதைப் பார்த்துக்கிட்டே நின்னேன்.

முடிச்சுட்டு வெளிய வந்து, கதவைச் சாத்திட்டு, இதோ இந்த இடத்துலதான் சேர் போட்டு உக்காந்தேன். வாடைக்கு மூக்கு வாய் எல்லாம் கர்சீப் கட்டியிருந்தேன். அன்வர் டேங்கைக் கழுவிக்கிட்டே அவரோட வழக்கமான பாட்டைச் சொன்னாரு. மதியம் வரைக்கும் உள்ள போகாதீங்க. குழந்தைங்க, ஆஸ்துமா இருக்கறவங்க, கர்ப்பிணிங்க நாளைக்கு வரைக்கும் வேணாம். நம்ம வீட்டுல யாருய்யா கர்ப்பிணின்னு சிரிச்சேன்.

அப்பத்தான் ஒரு ஆட்டோ வந்து நின்னுது சார்.

முதல்ல பூங்காவனம் இறங்கினா. அப்புறம் கையைக் குடுத்து இன்னொருத்தரை இறக்கினா. ரெண்டு கை நிறைய வளையல். வயிறு... ஏழோ எட்டோ மாசம் இருக்கும். தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதானே. வளைகாப்பு முடிச்சு கூட்டிக்கிட்டு வந்திருக்கா. காஞ்சிபுரமும் இல்லை, அக்கா வீடும் இல்லை. நேரா ஓசூர் போய், அவங்க வீட்டுல பேசி, என்னை ஒரு வார்த்தை கேக்காம கூட்டிக்கிட்டு வந்துட்டா. வாசல்ல வந்து நிக்கிற புள்ளைத்தாச்சியை நான் என்ன பண்ணிட முடியும்னு ஒரு தைரியம் அவளுக்கு.

நான் எழுந்து நின்னுட்டேன். அந்தப் பொண்ணு முகம் கொஞ்சம் உப்பியிருந்துச்சு. கால் வீங்கியிருந்துச்சு. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு என்னையே பார்த்துச்சு.

“வேளாவேளைக்கு மாத்திரை போடறீங்களாப்பா?”

இத்தனை வருஷம் கழிச்சு அதான் கேட்டுச்சு. கர்சீப் கட்டியிருந்தேனா, பேசினா வெளிய கேக்காது. அதனால தலையை மட்டும் ஆட்டினேன்.

பூங்காவனம் கேட்டைத் திறக்கப் போனா. அன்வர்தான் முதல்ல ஓடி வந்தாரு. அம்மா, வீடு பூரா மருந்து, இந்த நிலைமையில இவங்க உள்ள வரக்கூடாதும்மா, காத்து கூடப் படக்கூடாதுன்னாரு. சொன்னது அவர்தான் சார், நான் இல்லை. நான் கர்சீப்பை இறக்கிட்டு, “கேட்டுச்சில்ல”ன்னு மட்டும்தான் சொன்னேன். அக்கறையிலதானே சொன்னேன். மருந்து அப்படிப்பட்டது. எனக்குத் தெரியாத மருந்தா?

பூங்காவனம் அன்வரைப் பார்க்கலை. என்னைப் பார்த்தா.

“அப்போ நாளைக்கு வரலாமா?”

அன்வர் தாராளமா வரலாம்மான்னாரு.

“உங்களைக் கேக்கலை தம்பி, இவரைக் கேக்கறேன்.”

நான் என்ன சார் சொல்றது? ஆட்டோக்காரன் பார்க்கறான். எதிர்வீட்டுல பார்க்கறாங்க. வெளியாள் அன்வர் வேற. திடீர்னு கேட்டா எப்படி? “மருந்து அடிச்சவர் சொல்றாரில்ல, அவருக்குத்தானே தெரியும்”னேன். தப்பா அது? விவரம் தெரிஞ்சவர் சொன்னாருன்னு சொன்னேன்.

அவ கேட்டுக் கம்பியைப் பிடிச்ச கையை எடுக்கலை. அப்புறம் சத்தமே இல்லாம சொன்னா, “நான் எறும்புக்குப் போட்டதெல்லாம் இவளுக்குத்தாங்க. இவ இந்தப் படி ஏறணும்னுதான் போட்டேன். இன்னைக்கோட மண்டலம் முடியுது.”

எனக்கு எப்படித் தெரியும் சார்? சொன்னாத்தானே தெரியும். எனக்காகத்தான்னு நான் நெனச்சிக்கிட்டிருக்கேன்.

“அம்மா, கால் வலிக்குது, போலாம்”னுச்சு அந்தப் பொண்ணு. கோவமா சொல்லலை. அலுப்பாத்தான் சொல்லுச்சு. ரெண்டு பேரும் வந்த ஆட்டோவுலயே ஏறிக்கிட்டாங்க. பூங்காவனம் மாத்துத்துணி கூட எடுக்கலை. உள்ள போக முடியாதே. ஆட்டோ திரும்பற வரைக்கும் நின்னு பார்த்தேன். மறுநாள் வருவாங்கன்னு நெனச்சேன். மறுநாள் ஜன்னல் எல்லாம் திறந்து, தரையைத் துடைச்சு, சாமானை அந்தந்த இடத்துல வெச்சேன். நானே வெச்சேன். வரலை. போன்ல கூப்பிடலாம்னு தோணுச்சு, ஆனா வரலாமான்னு கேட்டது அவங்கதானே, நான் எதுக்குக் கூப்பிடணும்னு இருந்துட்டேன்.

தையில குழந்தை பொறந்துச்சு. பொம்பளைப் புள்ளை. ஓசூர்லயே. பூங்காவனம்தான் போன் பண்ணிச் சொன்னா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கன்னா. அவ குரலைக் கேட்டதும் எனக்கு ஒரு தெம்பு வந்துச்சு. மருந்து வாடை சுத்தமாப் போயிடுச்சு, எறும்பு ஒண்ணு கூட இல்லை, வரலாம்னு சொன்னேன்.

“யாரு வரலாம்?”னு கேட்டா.

இது என்ன கேள்வி சார்? இந்த வீட்டுல இருக்கறவங்க வரலாம். அவ காத்துக்கிட்டிருந்தா. பின்னாடி குழந்தை அழுதுச்சு. பச்சைக் குழந்தை, பூனைக்குட்டி மாதிரி அழுதுச்சு. நான், இங்க இன்னும் ஈரம் இருக்கு, பனி வேற, பச்சைக் குழந்தைக்கு ஆகாது, வெயில் வரட்டும்னு சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அவ சரின்னு வெச்சுட்டா. அதுக்கப்புறம் என் நம்பரைப் பார்த்தா எடுக்கறதில்லை.

இப்ப சித்திரை. நீங்களே வந்தீங்களே, என்ன வெயில். ஏரி பாதிக்கு மேல வத்திடுச்சு, மாடு மேயுது. மருந்துக் கம்பெனிக்காரன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமான்னு கேக்கறான். எதுக்குப் புதுப்பிக்கறது? ஒருத்தனே சமைச்சு ஒருத்தனே சாப்பிடற வீட்டுல எந்தப் பூச்சிக்கு என்ன கிடைக்கும்? வேணாம்னுட்டேன்.

அதனால சொல்றேன் சார், வீடு கட்டறதா இருந்தா அஸ்திவாரத்துலயே மருந்து அடிச்சிடுங்க. அப்புறம் ஆளு இருக்கறப்ப அடிக்கறது தொந்தரவு.

புரோக்கர் இன்னும் வரலையா? வருவான், வருவான்.

சார், உங்க போன்ல காசு இருக்கா? பேசறதுக்கு. ஒரே ஒரு நம்பர் போட்டுத் தர்றீங்களா? என் நம்பர்னா எடுக்க மாட்டா. பக்கத்து மனை வாங்க வந்திருக்கேன், வீட்டைப் பார்த்தேன், வெயில் நல்லா அடிக்குது, ஈரம் துளி இல்லைன்னு நீங்க சொல்லுங்க. அங்க அந்த மூலையில கொஞ்சம் இருக்குதான், அதைச் சொல்ல வேணாம். மூணு பேரும் வரலாம்னு சொல்லுங்க. மாப்பிள்ளையும் வர்றதுன்னா வரட்டும், நாலு பேரும் வரலாம்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு வேணாம். நீங்களே சொல்ற மாதிரி சொல்லுங்க.

ஒருவேளை பொண்ணு எடுத்தா... சங்கவின்னு பேரு. நாங்க வெச்ச பேர் இல்லை, நான் வெச்ச பேர். அவ எடுத்துட்டா என்ன சொல்றதுன்னு தெரியலை சார். அப்ப நீங்க ஒண்ணும் பேச வேணாம். போனை என்கிட்ட குடுத்துடுங்க. குடுத்துட்டு, கொஞ்சம் அந்தப் பக்கமாப் போய் மனையைப் பார்த்துக்கிட்டிருங்க.